நின்றுபோன விசிறி

ஆடி, ஆவணியில் இலங்கையின் ஊவா மாகாணத்துக்கென்று ஒரு காற்று உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துச் சரிவுகளில் மழையாகக் கொட்டித் தீர்த்துவிட்டு மலையைத் தாண்டும். வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கமாக இறங்கும்போது அது அழுத்தம் கூடி, சூடேறி, வறண்ட காற்றாகிவிடும். அந்த வறட்சியில் கொழுந்து மெதுவாக வளர்கிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த மணம் அப்போதுதான் இலையில் சேர்கிறது. வானத்திலும் தூசும் நீராவியும் குறைந்து வெயில் பளிச்சென்று விழும். அதே வறட்சியில் மானாப்புல்லும் காய்ந்துவிடும். எங்கோ வைத்த தீ பத்தனைப் புல்வெளி முழுவதும் ஓடும். எல்லப் பக்கத்து மலைகள் எரிந்த வேளைகளில், விமானப்படையின் பெல் 212 ஹெலிகொப்டர்கள் பம்பி பக்கெட் எனப்படும் பெரிய நீர்வாளியைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து தண்ணீர் கொட்டியிருக்கின்றன.

தெளிந்த வெயிலும் தாழப் பறக்கும் ஹெலியும் ஒன்றாக வாய்க்கும் இந்தக் காலத்தில் தோட்டமெங்கும் போன்கள் மேலே உயரும். ஆனால் பெரும்பாலான படங்களில் ஹெலி ஒரு கரும்புள்ளியாகவோ, கலங்கிய பூச்சியாகவோ இருக்கும். நல்ல கெமரா வைத்திருப்பவரின் படத்தில் வேறு குறை. ஹெலி அச்சாகத் தெளிவாக இருக்கும், ஆனால் விசிறி அசையாமல் நிற்கும். இயந்திரம் நின்று விழப்போவதுபோல் தெரியும். வெளிச்சம் போதாததால் வருபவை அல்ல இந்தக் குறைகள். வெளிச்சம் தாராளமாக இருப்பதால் எழும் கேள்விகள் இவை.

எவ்வளவு தாராளம் என்று பார்ப்போம். இரவில் பல்பு எரியும் சாதாரண அறையில் 100, 200 லக்ஸ் ஒளி இருக்கும். உச்சி வெயிலில் ஒரு இலட்சம் லக்ஸ். பிலிம் காலத்தில் ஒளிமானி இல்லாதவர்கள் இதற்கு ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார்கள். நல்ல வெயிலில் லென்ஸின் துளையை எஃப் 16இல் வைத்தால், ஷட்டர் நேரம் ஐ.எஸ்.ஓ. என்ற ஒளியுணர்வு எண்ணின் தலைகீழ். ஐ.எஸ்.ஓ. 100 என்றால் 1/100 செக்கன். துளையை எஃப் 5.6க்குத் திறந்தால் 1/800. ஐ.எஸ்.ஓ.வையும் 400 ஆக்கினால் 1/3200. சூரியன் அன்று எரிந்தபடியேதான் இன்றும் எரிகிறது என்பதால் இந்த வாய்ப்பாடு டிஜிட்டல் கெமராவுக்கும் பிசகாமல் பொருந்துகிறது.

வெளிச்சம் இருந்தும் அதைப் பிடிக்கும் தகடு மந்தமாக இருந்த காலம் ஒன்று இருந்தது. ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் மலைநாட்டிலேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். உள்ளூர் மக்களை அவர் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. ஈரத் தகட்டில் ஒரு முகம் பதிய அவருக்குப் பல செக்கன்கள், சிலவேளை நிமிடங்களே தேவைப்பட்டன. படத்தில் இருப்பவர் இமை தட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் இங்கிருந்த அதே ஆண்டுகளில், 1878 ஜூனில், கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையை 12 கெமராக்களால் வரிசையாகப் படமெடுத்தார். நான்கு குளம்புகளும் ஒரே கணத்தில் தரையை விட்டு எழுவதை உலகம் கண்டது. கடும் வெயில் இல்லாமல் அது நடந்திருக்காது. வெயிலும் போதாதென்று தரையையும் பின்சுவரையும் வெள்ளையாக்கி ஒளியைத் திருப்பியடித்தார். அப்படியும் குதிரை ஏறக்குறைய நிழலுருவமாகத்தான் பதிந்தது. அவர் அரும்பாடுபட்டு எட்டிய வேகம் இன்று பதுளை டவுனில் இரண்டாம் கை விலைக்கு வாங்கும் பழைய கெமராவிலும் இருக்கிறது.

ஆகவே ஹெலியைக் கண்டதும் எல்லோர் விரலும் ஷட்டரை 1/4000க்குத் தள்ளுகிறது. ஜெட் விமானத்துக்கு அது சரி, ஏனென்றால் வெளியே சுழலும் உறுப்பு அதில் எதுவும் இல்லை. ஹெலிகொப்டருக்கு அது பொருந்தாது.

பெல் 212இன் மேல் விசிறிக்கு இரண்டே தகடுகள். நிமிடத்துக்கு 324 சுற்று, அதாவது செக்கனுக்கு ஐந்தரைக்குச் சற்றுக் குறைவு. விசிறியின் விட்டம் ஏறக்குறைய 14.6 மீற்றர் என்பதால் தகட்டின் நுனி செக்கனுக்குக் கிட்டத்தட்ட 250 மீற்றர் ஓடுகிறது. கேட்கப் பயங்கரமாக இருக்கும் இந்த வேகத்தை 1/2000 செக்கனுக்குள் அடைத்துப் பாருங்கள். நுனி நகர்வது 12 சென்ரிமீற்றர், தகடு திரும்புவது ஒரு பாகைக்கும் குறைவு. படத்தில் அது நின்றுபோன விசிறிதான். 1/250இல் தகடு எட்டுப் பாகை திரும்பும், மெல்லிய கலக்கம் தெரியும். 1/125இல் பதினாறு பாகை. அங்கேதான் விசிறிக்கு உயிர் வருகிறது. 1/60இல் முப்பத்திரண்டு பாகை, அழகான விரிப்பு. வட்டம் முழுவதும் நிரம்ப வேண்டுமென்றால் 1/11 செக்கன் வேண்டும், அதைக் கையில் பிடித்து எடுக்க அசாத்தியப் பயிற்சி தேவை. எம்.ஐ. 17 ஹெலி வந்தால் கணக்கு மாறும். அதற்கு ஐந்து தகடுகள், நிமிடத்துக்கு ஏறக்குறைய 190 சுற்று. மெதுவாகச் சுற்றினாலும் தகடுகள் அதிகம் என்பதால் 1/60இலேயே வட்டத்தின் கால்வாசி நிரம்பிவிடும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். வாளி திறந்து தண்ணீர் விழும் கணத்தில் நான் வேகமான ஷட்டரையே விரும்புவேன். 1/125இல் அந்த நீர் ஒரு வெண்திரை, பார்க்க நன்றாக இருக்கும். 1/2000இல் அது காற்றில் உடைந்து சிதறுவதும், ஓரத்துத் துளிகள் காற்றோடு பின்னோக்கி இழுபடுவதும், நடுவே கனத்த நீர்க்கற்றை மட்டும் நேராக இறங்குவதும் தனித்தனியே தெரியும். எவ்வளவு தண்ணீர் தீயைச் சேர்ந்தது, எவ்வளவு வழியிலேயே சிதறிப் போனது என்று அந்தப் படம் சொல்லும். விசிறி நின்றாற்போல் தெரிந்தாலும் அங்கே செய்தி விசிறியில் இல்லை.

மற்ற வேளைகளில் 1/125 வேண்டும் என்று முடிவெடுத்ததும் வெயில் குறுக்கே நிற்கும். ஐ.எஸ்.ஓ. 100இலும் துளையை எஃப் 14 வரை சுருக்காமல் அந்த ஷட்டர் கிடைக்காது. துளை சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவும். எஃப் 14இல் ஒரு ஒளிப்புள்ளி சென்சரில் ஏறக்குறைய 19 மைக்ரோமீற்றர் அகல வட்டமாக விழும். சாதாரண கெமராவின் ஒரு பிக்சல் 4 மைக்ரோமீற்றர்தான். அதாவது ஒரு பிக்சலில் விழவேண்டியது நான்கைந்து பிக்சல்களில் பரவுகிறது. சென்சரில் ஒட்டிய தூசியெல்லாம் வானத்தில் கரும்புள்ளிகளாக எழுந்து நிற்கும். இதற்கு மருந்து லென்ஸின் முன்னால் மாட்டும் சாம்பல் நிற என்.டி. பில்டர். ஒளியை முனைவாக்கும் போலரைசர் பில்டர் இருந்தால் அதுவும் ஒளியைப் பாதியாகவோ கால்வாசியாகவோ குறைக்கும். போலரைசர் போட்டால் வானத்தின் நீலம் ஆழமாகும். கூடவே ஹெலியின் முன்கண்ணாடியில் வானவில் நிறப் பட்டைகள் தோன்றலாம். அந்தக் கண்ணாடி உண்மையில் அக்ரிலிக் பிளாஸ்ரிக். அதை வளைத்து வார்த்தபோது உள்ளே தங்கிய இறுக்கம், முனைவாக்கப்பட்ட ஒளியில் நிறங்களாகப் பிரிந்து வெளிப்படுகிறது. பொறியியலாளர்கள் இதே முறையில் பொருள்களின் உள்ளிறுக்கத்தைச் சோதிக்கிறார்கள். படத்தில் அது வேண்டாமென்றால் பில்டரைச் சற்றுத் திருப்பிவிடலாம்.

பண்டாரவளையில் கல்யாண வீட்டுப் படம் எடுக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: “அண்ணே, 1/1000இல வச்சும் படம் கலங்குதே, அப்ப 1/125இல எப்படி எடுக்கிறது?” நியாயமான கேள்வி. ஷட்டர் வேகத்தை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது.

கெமராவுக்கு விமானத்தின் வேகம் தெரியாது. தன் கண்ணெதிரே அது செக்கனுக்கு எத்தனை பாகை நகர்கிறது என்பது மட்டுமே தெரியும். கட்டுநாயக்கவிலிருந்து சிங்கப்பூருக்கு வரைபடத்தில் நேர்கோடு போட்டால் அது பண்டாரவளைக்கும் பதுளைக்கும் நடுவால் போகிறது. 10 கிலோமீற்றர் உயரத்தில் மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஒரு பயணிகள் விமானம், தலைக்கு மேலே வரும்போது செக்கனுக்கு ஒன்றரைப் பாகைகூட நகர்வதில்லை. அதன் ஐந்திலொரு பங்கு வேகத்தில், மணிக்கு 180 கிலோமீற்றரில், 200 மீற்றர் தூரத்தில் கடக்கும் ஹெலி செக்கனுக்குப் பதினான்கு பாகை நகர்கிறது. பத்து மடங்கு!

400 மில்லிமீற்றர் லென்ஸில் இதன் விளைவைப் பாருங்கள். கெமராவை அசைக்காமல் பிடித்து 1/1000இல் தட்டினால் பயணிகள் விமானம் இரண்டரைப் பிக்சல் இழுபடும், யாருக்கும் தெரியாது. ஹெலி இருபத்தைந்து பிக்சல் இழுபடும். அதை ஒரு பிக்சலுக்குள் நிறுத்த 1/25,000 செக்கன் ஷட்டர் வேண்டும். அப்படியொரு ஷட்டரைத் தேடி அலைவதைவிட, ஹெலி நகரும் அதே பாகை வேகத்தில் கெமராவையும் திருப்புவது எளிது. பத்துக்கு ஒன்பது பங்கு வேகம் ஒத்துப்போனாலே இருபத்தைந்து பிக்சல் இழுப்பு இரண்டரையாகச் சுருங்கும். வேகத்தை வெல்வது பெரும்பாலும் இடுப்புதான், ஷட்டருக்கு அதில் சின்னப் பங்கு. கால்களை, ஹெலி கடைசியில் போகப்போகும் திசைக்கு ஊன்றிக்கொண்டு, இடுப்பை அது வரும் பக்கம் திருப்பி, முழங்கைகளை விலாவில் ஒட்டி, பார்வைத் துளையில் அதன் மூக்கைப் பிடித்தபடி திரும்பி வர வேண்டும். தட்டிய பிறகும் திரும்புவதை நிறுத்தக் கூடாது. விரல் அழுத்தும்போது உடல் நின்றுவிடுவதுதான் புதியவர்களின் படம் கலங்கக் காரணம். திரையைப் பார்த்துக்கொண்டு எடுப்பதும் வெயிலில் சரிவராது. நல்ல போன் திரையின் ஒளிர்வு ஆயிரம் அலகு என்றால், வெயிலில் விரித்த வெள்ளைத்தாளின் ஒளிர்வு ஏறக்குறைய முப்பதாயிரம். அந்த வெளிச்சத்தின் நடுவே திரையிலுள்ள ஹெலி கண்ணுக்கே தெரியாது.

போனில் எடுப்பவர்களுக்கு இன்னொரு விசித்திரம் நேரும். விசிறித் தகடுகள் அரிவாள்போல் வளைந்தும், நடுவே முறிந்தும் இருக்கும். போனின் சென்சர் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் வாங்குவதில்லை. கொழுந்து எடுப்பவர்கள் ஒரு நிரையை முடித்து அடுத்த நிரைக்குப் போவதுபோல், மேல்வரி முதல் கீழ்வரி வரை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வரும். முழுவதும் முடிய 1/40 செக்கன் ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் பெல் 212இன் தகடு ஏறக்குறைய 49 பாகை திரும்பிவிடும். மேல்வரி கண்ட தகடு ஓரிடம், கீழ்வரி கண்ட தகடு இன்னோரிடம். இதில் புதுமை ஒன்றும் இல்லை. 1912ஐ ஒட்டி பிரான்சில் ஜாக் ஹென்றி லார்த்திக் என்ற இளைஞர் எடுத்த பந்தயக் கார்ப் படத்தில் சக்கரம் முட்டை வடிவாக முன்னே சாய்ந்திருக்கும். அந்தக் காலத்து ஷட்டரின் பிளவும் படத் தகட்டின்மேல் மெதுவாகத்தான் ஊர்ந்தது. இன்று அந்தச் சாய்வையே வேகத்தின் அடையாளமாக உலகம் ரசிக்கிறது. வளைந்த விசிறியை யாரும் அப்படி ரசிப்பதாகத் தெரியவில்லை. போனைவிட, ஷட்டர் திரை உள்ள பழைய கெமரா இந்த வேலைக்கு மேல்.

இனி ஒளியின் அளவு. மலைநாட்டில் இதுதான் அதிகம் கெடுகிறது. கெமராவின் தானியங்கி ஒளிமானி தன் முன்னால் இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெண்மேகத்தின் எதிரே ஹெலி வந்தால், மேகத்தைச் சாம்பலாக்குவதற்காக ஒளியைக் குறைக்கும், ஹெலி கரியாகிவிடும். அதே ஹெலி அரை நிமிடத்தில் தேயிலைச் சரிவின் எதிரே இறங்கினால், கரும்பச்சையைச் சாம்பலாக்குவதற்காக ஒளியைக் கூட்டும், ஹெலியின் வெளிர்ந்த பாகங்கள் வெளுத்துப்போகும். உண்மையில் அந்த அரை நிமிடத்தில் ஹெலியின்மேல் விழுந்த வெயில் மாறவே இல்லை, பின்னணிதான் மாறியது. ஆகவே மெனுவலில் வைத்து, வெயில் விழும் உங்கள் உள்ளங்கையை ஒருமுறை அளந்து, அதைவிட ஒரு படி கூட்டிவைத்துவிடுங்கள். உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட அந்த அளவு வெளிர்ந்தது. பிறகு ஹெலி எங்கே போனாலும் அந்த அளவைத் தொட வேண்டாம். மேகம் சூரியனை மறைத்தால் மட்டும் மாற்றுங்கள்.

கொழும்புக் காலிமுகத்திடலிலோ சென்னை மெரினாவிலோ நின்று விமானம் எடுப்பவர்களுக்கு இல்லாத ஒரு கொடுப்பினை ஊவாக்காரருக்கு உண்டு. நடுப்பகலில் வெயில் விமானத்தின் முதுகில் விழுகிறது, கீழே நிற்பவருக்குத் தெரிவதோ நிழல் படிந்த வயிறு. கடற்கரையில் மணலும் நுரையும் கொஞ்சம் ஒளியை மேலே திருப்பித் தரும். தேயிலை அதைக்கூடத் தராது, தன்மேல் விழும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறக்குறைய பத்திலொரு பங்கோ அதற்கும் குறைவோதான் திருப்பும். ஆனால் அப்புத்தளை விளிம்பிலோ தம்பேதென்னத் தோட்டத்துக்கு மேலே லிப்டன் சீட்டிலோ நிற்பவர் பள்ளத்தாக்கில் போகும் ஹெலியை மேலிருந்து பார்க்கிறார். வெயில் விழும் முதுகும், சுழலும் வட்டம் முழுவதும் அவருக்குத் தெரிகின்றன. பின்னணி வெறும் வானமாக இல்லாமல் மடிப்பு மடிப்பான பச்சையாக இருப்பதால், கெமராவை ஹெலியோடு திருப்பும்போது அந்தப் பச்சை கோடுகளாக இழுபட்டு வேகத்தைக் காட்டும். வெறும் நீல வானத்தில் எவ்வளவு திருப்பினாலும் இழுபட எதுவும் இல்லை.

சூரியன் நிற்கும் இடமும் சாதகம். ஊவா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகையில் இருக்கிறது. சித்திரைக்குச் சற்று முன், ஏப்ரல் முதல் வாரத்தின் கடைசியில், நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதிலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை அது நண்பகலில் உச்சிக்கு வடக்கேதான் நிற்கும், ஜூலையில் ஏறக்குறைய பதினைந்து பாகை வடக்கே. அப்புத்தளை மலைவிளிம்பு தெற்கே பார்த்த விளிம்பு. அந்த மாதங்களில் அங்கே தெற்கே திரும்பி நிற்பவருக்கு நடுப்பகலிலும் சூரியன் முதுகுப் பக்கம். வறண்ட காற்றும் தெளிந்த வானமும் அதே மாதங்களில் வருவது இந்த மண்ணின் அதிர்ஷ்டம்.

தூரத்து ஹெலி படத்தில் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளிந்தால் கெமராவைக் குறைசொல்லாதீர்கள், அது கானல். காற்று ஒரு பாகை சூடேறினால் அதன் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய பத்து இலட்சத்தில் ஒரு பங்கு குறையும். அற்பம்தான், ஆனால் நீண்ட லென்ஸ் அந்த அற்பத்தையும் பெருக்கிக் காட்டும். தார் ரோட்டுக்கும், லயத்துத் தகரக் கூரைக்கும், தொழிற்சாலைக் கூரைக்கும் மேலாகக் குறிபார்க்க வேண்டாம். தேயிலைச் செடி நீராவி விட்டுத் தன்னைக் குளிர்த்திக்கொள்கிறது, அதன் மேலாகப் பார்த்தால் நெளிவு குறைவு. காலை ஒன்பது மணிக்கு முன்னால் இன்னும் நல்லது.

தாழப் பறக்கும் போர் ஜெட் விமானங்களை ஊவாவில் காண்பது அரிது. இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் வளர்ந்த வாசகர்களுக்குக் கிபிர் போர் விமானத்தின் இரைச்சல் பதுங்குகுழியின் நினைவு. அவர்களிடம் போய் ஜெட்டின் அழகைப் பேச எனக்கு மனம் வராது. தீயணைக்கவும், வெள்ளத்தில் சிக்கியவர்களைத் தூக்கவும் வரும் ஹெலியை நான் எடுத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

படம் எடுப்பவர் தன் உடம்பையும் கவனிக்க வேண்டும். சென்னை மெரினாவில் 2024 அக்டோபர் 6 அன்று இந்திய விமானப்படைச் சாகசம் பார்க்கத் திரண்ட கூட்டத்தில், நடுப்பகல் வெயிலுக்கும் நெரிசலுக்கும் பிறகு ஐந்து பேர் உயிரிழந்தார்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்குத் தன் உடம்பு சூடாவது உறைப்பதில்லை. அப்புத்தளைக் குளிர்காற்றில் அது இன்னும் ஏமாற்றும். உயரம் ஆயிரம் மீற்றர் கூடினால் புறஊதாக்கதிர் ஏறக்குறைய பத்து விழுக்காடு கூடுகிறது. தொப்பியும் தண்ணீரும் லென்ஸைவிட முக்கியம். கண்ணாடி வழியே நேராகப் பார்க்கும் வகைக் கெமராவில் நீண்ட லென்ஸ் போட்டு ஹெலியைத் தொடரும்போது, அது சூரியனை நோக்கிப் போனால் உடனே கண்ணை எடுத்துவிடுங்கள். ஒரு கணம் போதும், விழித்திரையில் வலியில்லாமலே காயம் பட்டுவிடும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. தியத்தலாவ இராணுவ நகரம். இராணுவக் கல்லூரியும் விமானப்படையின் பயிற்சிப் பாடசாலையும் அங்கே இருக்கின்றன. முகாம்களைப் படமெடுக்க அனுமதி வேண்டும். தீயணைக்கும் இடத்தில் ட்ரோன் பறக்கவிடுவதை நினைத்தும் பார்க்கக் கூடாது. தாழப் பறக்கும் ஹெலியின் விமானிக்கு அதைக் காண்பது கடினம், விசிறியில் பட்டால் உள்ளிருப்பவர்களின் உயிர் போகலாம்.

ஹெலி தினமும் வராது, ஆனால் பயிற்சிக்கு அது தேவையும் இல்லை. மலைநாட்டுத் தொழிற்சாலைகளின் தாழ்வாரங்களில் தகைவிலான் குருவி கூடு கட்டுகிறது. இருபது மீற்றர் தூரத்தில் செக்கனுக்குப் பத்து மீற்றர் பறந்தால், அது கெமராவின் முன்னே செக்கனுக்கு ஏறக்குறைய இருபத்தெட்டுப் பாகை நகர்கிறது, நாம் பார்த்த ஹெலியைப் போல் இரண்டு மடங்கு. போதாக்குறைக்கு நினைத்த இடத்தில் திரும்பும். காலை வெயிலில் தொழிற்சாலைக்கு வெளியே நின்று, முதலில் 1/2000இல் அதைச் சட்டத்துக்குள் வைத்திருக்கப் பழகுங்கள். பிறகு 1/1000, 1/500 என்று இறங்குங்கள். 1/250இல் அதன் தலை தெளிவாகவும் இறக்கை கலங்கியும் ஒரு படம் விழுந்துவிட்டால், பெல் 212க்கு 1/125 போதும்.